பற்பசைக் குழலுக்கு வினைமுதல் யார்?

புலம்பெயர்ந்து வாழும் உறவினர் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பொருள்களுள் பற்பசையும் ஒன்று. அப்பற்பசைக் குழல்கள் சிலவற்றின் மேலே, ‘மீள்சுழற்சி செய்யக்கூடியது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அண்மைக் காலமாகப் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கின்றோம். பண்டிதர்க்குப் பற்பசைக் குழலில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், அவர்க்கு என் விடை இது: குழலைச் செய்தவர் யாராயினும் ஆகுக, அதன்மேல் எழுதிய சொல் மொழி கற்பிப்போர் ஆராய்ச்சிக்கு உட்பட்டது. ஒரு சொல் உள்ளதற்கு மேலாக ஒன்றை உணர்த்தி மக்களை மயக்குமாயின், அதனைச் சுட்டிக் காட்டுதல் எங்கள் கடமையே.

முதலிற் பொருளை அறிந்து, பின்னர்ச் சொல்லுக்கு வருவோம்.

அமுக்கினாற் சுருங்கும் குழல் பற்பசைக்கென்று தோன்றியதன்று. ஜோன் கொஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், தம் வண்ணக் குழம்பு உலர்ந்துபோகாமற் காத்தற்பொருட்டு 1841 இல் உரிமை பெற்ற வெள்ளீயக் குழலே அதன் மூதாதை. பற்பசை அத்தகைய குழலிற் புகுந்தது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரேதான். வாஷிங்டன் ஷெஃபீல்ட் என்னும் பல் வைத்தியர் 1892 இலும், கொல்கேற் நிறுவனத்தார் 1896 இலும் அவ்வாறு அடைத்து விற்கத் தொடங்கினர். அக்காலத்துக் குழல் முழுவதும் உலோகம். பசை தீர்ந்தபின் உருக்கினால் அது மீண்டும் உலோகமேயாகும்.

பின்னர் வந்தது படலக் குழல். வெளியே பொலித்தீன், நடுவே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மீண்டும் பொலித்தீன், இவற்றைப் பிணிக்கும் ஒட்டுப் படைகள் என ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த படலத்தைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிச் செய்வது அது. நடுவிலே கிடக்கும் அலுமினியத்துக்கு என்ன தொழில் எனின், காவற்றொழில். பொலித்தீன் நீரை ஓரளவு நன்றாகவே மறிக்கும். ஆயின் பசைக்கு மணமும் குளிர்ச்சியும் தரும் புதினா எண்ணெய் அதனூடே மெல்ல மெல்லக் கசிந்து மறையும். வெளியிலுள்ள ஒட்சிசனும் அவ்வழியே உட்புகும். ஆண்டொன்று கடைத்தட்டில் இருந்த பசை, வாயில் இட்டால் சுண்ணாம்புக் குழம்பு போலிருப்பின் யார் வாங்குவர்? அதனாற் போக்கையும் வரவையும் மறிக்க ஒரு படை வேண்டியதாயிற்று. அதனைத் தடுப்புப் படலம் என்று வழங்கலாம்.

காவல் நன்றாயிற்று, ஆனால் பிரிக்கமுடியாத கூட்டு ஒன்று பிறந்தது. அலுமினியத்தை உருக்குவோனுக்குப் பொலித்தீன் இடையூறு. பொலித்தீனை உருக்குவோனுக்கு அலுமினியம் இடையூறு. உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,000 கோடி பற்பசைக் குழல்கள் செலவாகின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை நெடுங்காலம் குப்பையாகவே முடிந்தன.

இக்குறையை நீக்கவே புதிய குழல் வந்தது. இதிலே அலுமினியம் இல்லை. அதன் இடத்தில் எதிலீன் வினைல் அற்ககோல் என்னும் பிளாஸ்ரிக்கின் மிக மெல்லிய படை ஒன்று அமைகின்றது. மணத்தையும் ஒட்சிசனையும் மறிப்பதில் அது வல்லது. ஆனால் ஈரம் பட்டால் அவ்வலிமை குன்றிவிடும். ஆகவே அதனை இரு புறமும் பொலித்தீனால் மூடி நடுவே வைக்கின்றனர். அதன் பங்கு மிகச் சிறிதாயிருப்பின், பொலித்தீனோடு சேர்த்து உருக்குவதற்குப் பெருந்தடையில்லை. குழலின் உடலையும் பால் போத்தல் செய்யும் உயரடர்த்திப் பொலித்தீனாலேயே செய்துவிட்டால், முழுக்குழலும் ஏறத்தாழ ஓரினப் பொருளாகின்றது. கொல்கேற் நிறுவனத்தின் இத்தகைய குழலை அமெரிக்காவின் பிளாஸ்ரிக் மீள்சுழற்சியாளர் சங்கம் 2019 இல் ஏற்றது. யூனிலீவர் நிறுவனம் தன் பற்பசைக் குழல்கள் யாவற்றையும் 2025 ஆம் ஆண்டளவில் இவ்வகைக்கு மாற்றுவதாக 2021 இல் அறிவித்து, பிரான்சிலும் இந்தியாவிலும் தொடங்கிற்று.

இது நல்ல வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. எம்மூர்ப் பனங்கட்டிக் குட்டானைப் பாருங்கள். முழுவதும் ஓலை. கட்டியை எடுத்துக்கொண்டு எறிந்தால் மண்ணோடு மண்ணாகும். கூழ் குடிக்கும் பிளாவும் அத்தகையதே. ஓரினப் பொருளாற் செய்தல் என்னும் அறிவை மேல்நாட்டுப் பொறியியலார் எத்தனையோ ஆண்டு சுற்றி வந்து இப்போது எய்தியிருக்கின்றனர். ஆயின் இதனைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நிற்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குட்டான் மழைக்காலத்து ஈரத்தைத் தடுக்காது. கட்டி கசிந்து ஒழுகுவதை யாரும் அறிவர். வேப்பங்குச்சிக்கே திரும்புவோம் என்று சொல்லவும் நான் வரவில்லை. 1990களிற் பொருளாதாரத் தடையால் கடைகளிற் பொருள் அருகிய நாளில் உமிக்கரிக்கும் குச்சிக்கும் திரும்பியவர் பலர். தடை நீங்கியதும் அவர்களே பசைக்கு மீண்டனர். பசை நிலைபெற்றுவிட்டது. குழல்தான் எம் வழக்கு.

இனிச் சொல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டார் ‘மறுசுழற்சி’ என்பதை நாம் ‘மீள்சுழற்சி’ என்கின்றோம். ‘மறு’ என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டாதலின் எம் சொல்லே எனக்கு உவப்பானது, அது நிற்க. சிக்கல் பின்னொட்டிலே இருக்கின்றது. மீள்சுழற்சி செய்யப்பட்டது, செய்யப்படுவது, செய்யத்தக்கது, செய்யக்கூடியது, செயற்பாலது என்னும் ஐந்தும் ஒன்றல்ல. ‘செய்யப்பட்டது’ முடிந்த செயலைச் சொல்லும். ‘செய்யத்தக்கது’ பொருளின் தகுதியைச் சொல்லும். ‘செயற்பாலது’ மக்களின் கடப்பாட்டைச் சொல்லும். ‘செய்யக்கூடியது’ என்பதோ இயலும் என்னும் அளவோடு நின்றுவிடும். கடல் நீரும் குடிக்கக்கூடியதே, உப்பை நீக்கும் ஆலை இருந்தால்!

வினைமுற்று ஆறு பொருளைத் தரும் என்று நன்னூலில் நம் மாணாக்கர் கற்கின்றனர். தொழில், அதனைச் செய்வோன், கருவி, இடம், காலம், செயப்படுபொருள் என்பன அவை. குயவன் குடத்தை வனைந்தான் என்றால் ஆறும் தாமே வந்து நிற்கும். ‘குழல் மீள்சுழற்சி செய்யக்கூடியது’ என்னும் தொடரை இவ்வாறு வினவிப் பாருங்கள். செயப்படுபொருள் உண்டு, அது குழல். தொழில் உண்டு. கருவியும் எங்கோ ஓர் ஆலையில் உண்டு. செய்வோன் யார்? இடம் யாது? காலம் எது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் நின்று கேட்டால் இம்மூன்றுக்கும் விடையில்லை. வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவி ஒருத்தி, “ஐயா, இதிலே வினைமுதல் தோன்றா எழுவாயா, இல்லா எழுவாயா?” என்று கேட்டாள். இரண்டாவது இலக்கணத்தில் இல்லை. ஆனால் உலகத்தில் இருக்கின்றது.

இங்கே குழலுக்கு நேர்வது என்ன? யாழ்ப்பாண மாநகரத்துக் குப்பை கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்படுகின்றது. அம்மேடு பலமுறை தீப்பற்றியதை அயலூரார் அறிவர். கிராமத்திலோ வளவின் மூலையிற் சருகோடு கூட்டி எரிக்கின்றோம். குப்பையைத் திறந்தவெளியில் எரித்தலைத் தடுக்கும் ஆணை 2017 இலேயே வந்தது. வளவு மூலைகள் அதனை அறியா. எரியாது எஞ்சியது மண்ணிற் புதைகின்றது. வற்றாத ஆறொன்று இல்லாத இந்நிலம் சுண்ணாம்புக் கல்லின் மேலே கிடக்கின்றது. மேலே கொட்டியது வெடிப்புகளின் வழியே கீழிறங்கும். கிணற்று நீரே எமக்குக் கதி. சுன்னாகத்துச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சத்தை நாம் எளிதில் மறந்துவிடலாகாது. பற்பசைக் குழலை அவ்வெண்ணெய்க்கு ஒப்பென்று நான் கூறவில்லை. மண்ணில் இட்டது எல்லாம் கிணற்றுக்கு அயல் என்பதையே கூறுகின்றேன்.

சட்டம் உறங்குகின்றது என்றும் சொல்ல முடியாது. உணவும் மருந்தும் அல்லாத 20 கிராமுக்கு மேற்படாத சிறு பைக்கற்றுகள் 2021 மார்ச் 31 முதல் இந்நாட்டில் விலக்கப்பட்டன. அவையும் படலக் குலத்தைச் சேர்ந்தவையே. பெரிய குழல் அவ்வாணைக்கு வெளியே நிற்கின்றது. அதனை விலக்கவும் வேண்டா. பொறுப்பாளர் ஒருவரைக் காட்டினாற் போதும்.

அது நடவாத காரியமன்று, முன்னர் நடந்திருக்கின்றது. 1942 இன் தொடக்கத்தில் மலாயா யப்பானியர் கைப்பட்டது. எம்மவர் புகையிரத நிலையங்களிலும் கந்தோர்களிலும் பணிபுரிந்த அதே மலாயா உலகுக்கு வெள்ளீயம் அளித்த நிலமும் ஆகும். ஈயம் அற்றவுடன் அமெரிக்க அரசு அவ்வாண்டு ஏப்பிரலில் ஓர் ஆணை இட்டது: பழைய குழலைக் கொண்டுவந்து கொடுத்தாலன்றிப் புதிய பற்பசை விற்றலாகாது. கடைக்காரர் வாங்கினர், மக்கள் கொடுத்தனர். செய்வோன், இடம், காலம் மூன்றும் ஒரு வாக்கியத்தில் அமைந்துவிட்டன. அன்று தடுப்புப் படலமும் இல்லை. மீள்சுழற்சி என்னும் சொல்லை வீட்டார் அறிந்ததும் இல்லை. ஆணை இருந்தது, கடை மேசை இருந்தது.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் எம் குடாநாட்டில் ஊர்தோறும் உள. பற்பசை வாங்க வருபவர் பழைய குழலை அம்மேசையிலே கொடுக்கட்டும். கொடுத்தவர்க்கு விலையில் ஐந்து ரூபா குறையட்டும். கொழும்பிலிருந்து பசை ஏற்றி வரும் லொறி திரும்பும்போது வெறிதே போகாமல் அவற்றை ஏற்றிச் செல்லட்டும். அச்செலவு குழலின்மேல் அச்சொல்லைப் பொறித்து விற்பவரைச் சேர்தல் வேண்டும். அவ்வாறு செய்ய ஒருப்படாதவர் அச்சொல்லைப் பொறித்தலும் ஆகாது என்று சட்டம் சொல்லவேண்டும். எம் நகரிலே எடுப்பார் இல்லாத குழலின்மேல் ‘கூடியது’ என்று எழுதுதல், பாலம் இல்லாத ஆற்றங்கரையிற் பாதை காட்டும் பலகை நாட்டுதல் போலாம்.

இன்னொன்றும் உண்டு. பழைய குழலும் புதிய குழலும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கின்றன. குப்பை தெரிபவர் இரண்டையும் வேறுபடுத்த முடியாமல் இரண்டையும் எறிந்துவிடுகின்றனர். நல்லது செய்த நிறுவனத்தின் குழலும் அதனாற் கெடுகின்றது. இவ்வேறுபாட்டை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வெறுங்குழலைக் கையாற் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடப்பின் உள்ளே அலுமினியம் உண்டு. நிமிர்ந்து பழைய வடிவை நாடுமாயின் அது முழுப் பிளாஸ்ரிக். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க சோதனை இது. பள்ளிக்கூடங்கள் தோறும் இரண்டு கடகங்கள் வைத்து, ஒரு தவணைக்குள் எவ்வகை எத்தனை சேர்கின்றன என்று பிள்ளைகளைக் கொண்டு எண்ணுவித்து, அக்கணக்கைப் பிரதேச சபைக்கு அனுப்புமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். கடகத்தின்மேல் ஒட்டும் தாளில் ‘மீள்சுழற்சி செய்யக்கூடியவை’ என்று எழுதவேண்டா. ‘கொடுக்கப்பட்டவை, எடுப்பவர் இன்னும் வரவில்லை’ என்று எழுதி, கீழே திகதி இடுக.