நெஞ்சில் நட்சத்திரம், முதுகுக்குப் பின்னால் சுரங்க நிறுவனம்

1881 அக்டோபர் 26 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊரில் ஒரு துப்பாக்கிச் சண்டை நடந்தது. அரை நிமிடம் நீடித்திருக்கும். மூன்று பேர் மடிந்தனர். அந்த அரை நிமிடத்தை ஹாலிவுட் திரும்பத் திரும்பப் படமாக்கியிருக்கிறது. 1946இல் ஜான் ஃபோர்டு எடுத்தார், 1957இல் ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்தார், 1993இல் ஊரின் பெயரையே தலைப்பாக்கி இன்னொரு படம் வந்தது. அதே கொச்சீஸ் மாவட்டத்தில், டூம்ஸ்டோனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிஸ்பி என்ற தாமிரச் சுரங்க நகரில் 1917 ஜூலை 12 அன்று நடந்ததை அந்தத் திரையுலகம் கண்டுகொள்ளவில்லை. நூறாண்டு கழிந்த பிறகே, 2018இல், 'பிஸ்பி 17' என்ற ஆவணப்படம் அந்த ஊர் மக்களைக் கொண்டே அதை நடித்துக் காட்டியது.

அன்று விடியற்காலையில், கையில் வெள்ளைப் பட்டை கட்டிய சுமார் இரண்டாயிரம் ஆயுதபாணிகள் பிஸ்பியின் வீடுகளிலும் விடுதிகளிலும் புகுந்தனர். ஏறத்தாழ 1,200 பேரைப் பிடித்து, துப்பாக்கி முனையில் பேஸ்பால் மைதானத்துக்கு நடத்திச் சென்று, கால்நடைகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்தனர். அந்த ரயில் பாதையும் பெல்ப்ஸ் டாட்ஜ் என்ற சுரங்க நிறுவனத்துக்கே சொந்தம். கொதிக்கும் ஜூலை வெயிலில், சாணம் கிடந்த பெட்டிகளில், அவர்களை நியூ மெக்சிகோவின் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் விட்டனர். பிஸ்பிக்குத் திரும்பக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் சென்றது. அவர்கள் செய்த குற்றம் வேலைநிறுத்தம். சுரங்கத்துக்குள் ஆட்கள் இருக்கும்போது வெடி வைக்காதே, துளையிடும் எந்திரத்துக்கு இரண்டு பேரைப் போடு, மெக்சிகோக்காரரையும் பிற அயல்நாட்டுத் தொழிலாளரையும் பாகுபடுத்தாதே, நிலையான கூலி கொடு என்பவை அவர்களது கோரிக்கைகள். உலகப் போரால் தாமிர விலை ஏறியிருந்த நேரம் அது. இலாபத்தில் பங்கு கேட்டவர்கள் தேசத் துரோகிகளாகச் சித்தரிக்கப்பட்டனர்.

அந்த இரண்டாயிரம் பேரைக் கூலிப்படை என்று எவரும் சட்டப்படி அழைக்க முடியாது. அவர்கள் துணை ஷெரிப்கள். முதல் நாள் நிறுவன அதிகாரிகளுடன் அமர்ந்து திட்டம் வகுத்த மாவட்ட ஷெரிப் ஹாரி வீலர், தமது பதவி தந்த அதிகாரத்தைக் கொண்டு அவர்களைத் துணைவர்களாக்கினார். வீலர் இலஞ்சம் வாங்கி வயிறு வளர்த்த ஆசாமி அல்லர். அரிசோனா ரேஞ்சர் படையின் தலைவராக இருந்தவர்; குறி தவறாதவர், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். எந்த வெஸ்டர்ன் படத்திலும் நாயகனாக நிறுத்தலாம். அந்த நேர்மையான மனிதரே சுரங்க முதலாளிகளின் வேலையைச் சட்டத்தின் பெயரால் செய்து முடித்தார். தனிமனிதரின் நெஞ்சுரத்தில் நீதி குடியிருப்பதாகச் சொல்லும் கதைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

குடியரசுத் தலைவர் வில்சன் அமைத்த ஆணையம், இந்த வெளியேற்றத்துக்குச் சட்ட அடிப்படை ஏதும் இல்லை என்றே அறிக்கை தந்தது. ஆனால் 1920இல் உச்ச நீதிமன்றம், இக்குற்றத்தைத் தண்டிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு இல்லை, அது மாநிலத்தின் விவகாரம் என்று கைகழுவியது. மாநில நீதிமன்றத்திலோ விசாரணைக்கு வந்த ஒரே ஒரு வழக்கும் 'அவசியம் கருதிச் செய்தது' என்ற வாதத்தின் பேரில் விடுதலையில் முடிந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்தப் பதவியின் பூர்வீகம் இங்கிலாந்து. ஷயர் எனப்படும் மாவட்டத்தில் மன்னனின் வரியைத் திரட்டி, மன்னனின் ஆணையை நிறைவேற்றிய அலுவலரே ஷெரிப். 1215ஆம் ஆண்டின் மகா சாசனம் பிரபுக்கள் தமக்காக எழுதிக்கொண்டதுதான். ஆயினும், சுதந்திரக் குடியின் குதிரையையும் வண்டியையும் அவன் சம்மதமின்றி ஷெரிப் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. நாட்டிங்ஹாம் ஷெரிப்பாக இருந்த பிலிப் மார்க் என்பவரைப் பெயர் சொல்லியே பதவி நீக்கக் கோரும் விதியும் உண்டு. நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் ராபின் ஹூட்டின் பகைவனாக நாட்டிங்ஹாம் ஷெரிப் வந்து நிற்பது தற்செயலன்று. வரி கொடுத்தவர்களின் நினைவில் அந்த அலுவலர் வில்லனாகவே பதிந்திருந்தார்.

அட்லாண்டிக் கடலைக் கடந்த பிறகு ஷெரிப்புக்குத் தேர்தல் வந்தது. இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ மூவாயிரம் ஷெரிப்கள். பெரும்பாலோர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். மாவட்டச் சிறை அவர்கள் கையில், வாடகை தராதவரை வீட்டிலிருந்து வெளியேற்றுவதும் அவர்கள் கையில். மும்பையிலும் கொல்கத்தாவிலும் எஞ்சியிருக்கும், முன்பு சென்னையிலும் இருந்த ஷெரிப் பதவி வெறும் அலங்காரம். அதைக் கொண்டு இதை அளவிட இயலாது. விரும்பியவரைத் துணைவராக்கி ஆயுதம் தரும் அதிகாரமே அமெரிக்க ஷெரிப்பின் உண்மையான வலிமையாக இருந்தது. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் 'சிறப்புக் காவல் அலுவலர்' எனப் பெயரிட்டு ஆயுதம் கொடுத்த உத்தியும் இதே இனத்தைச் சேர்ந்தது. 2011இல் நமது உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது.

பென்சில்வேனியாவின் லாட்டிமரில் 1897 செப்டம்பர் 10 அன்று, ஆயுதமின்றி ஊர்வலம் வந்த நிலக்கரித் தொழிலாளர் 19 பேரை ஷெரிப்பும் துணைவர்களும் சுட்டுக் கொன்றனர். பலர் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தவர்கள். சுட்டவர்கள் விடுதலையாயினர். கென்டக்கியின் ஹார்லான் மாவட்டத்தில் 1931இல் சங்க ஊழியர் ஒருவரைத் தேடி ஷெரிப் பிளேரின் ஆட்கள் அவரது வீட்டைச் சூறையாடினர். அவர் அகப்படவில்லை. அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் ரீஸ், சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாளைக் கிழித்து அதில் ஒரு பாட்டு எழுதினார். நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் அந்தப் பாட்டில் ஷெரிப்பின் பெயரும் இடம்பெற்றது. உலகெங்கும் தொழிலாளர் கூட்டங்களில் அது இன்றும் பாடப்படுகிறது. ஷெரிப்பைப் பற்றி உழைக்கும் மக்கள் சொன்ன கதை அதுதான்.

ஹாலிவுட் சொன்ன கதை வேறு. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் வழியாகத் தமிழ்ச் சிறுவர்களுக்கும் அறிமுகமான நட்சத்திரச் சின்னக்காரர் அந்தக் கதையின் பிள்ளை. ஆனால் அங்கும் ஒரு விரிசல் விழுந்தது. 1952இல் வந்த 'ஹை நூன்' படத்தில், கொலைகாரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தும் ஊரில் ஒருவரும் காவல் அதிகாரிக்குத் துணை நிற்க முன்வரவில்லை. (அவர் மார்ஷல், ஷெரிப்புக்கு நெருங்கிய உறவு.) திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் அப்போது கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, சகாக்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து, கறுப்புப் பட்டியலுக்கு ஆளாகி இங்கிலாந்து சென்றார். கைவிட்ட ஊர் எது என்பது அன்றைய பார்வையாளர்களில் பலருக்குப் புரிந்தது. ஜான் வெய்னுக்கும் புரிந்தது. அப்படத்துக்கு மறுமொழியாக வந்த 'ரியோ பிராவோ'வில், எவர் உதவியையும் நாடாத ஷெரிப்பாக 1959இல் அவரே நடித்தார்.

திரையில் கட்டிய அந்தப் பிம்பம் அரசியலிலும் விலைபோகிறது. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்தில் 1993 முதல் 2016 வரை ஷெரிப்பாக இருந்த ஜோ ஆர்பயோ, பாலைவன வெயிலில் கூடாரச் சிறை அமைத்தவர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைக் குறிவைக்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணையை மீறியதற்காக 2017இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அடுத்த மாதமே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். தம் மாவட்டத்தில் ஒன்றிய அரசுக்கும் மேலான அதிகாரம் தமக்கே உண்டு என்று கூறும் ஷெரிப்களின் வலதுசாரி இயக்கத்தைத் தொடங்கியவர் ரிச்சர்ட் மாக். கொச்சீஸை ஒட்டியுள்ள கிரஹாம் மாவட்டத்தில் ஷெரிப்பாக இருந்தவர். 1917இல் ரயில் பெட்டியில் ஏற்றப்பட்டவர்களில் பலர் மெக்சிகோக்காரர்கள். இன்று குடியேறியோரைப் பிடித்து நாடு கடத்த ஒன்றிய அமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொள்வோரில் ஷெரிப்களே முன்னணியில் நிற்கின்றனர்.

அப்படியானால் தேர்தலால் பயனில்லை என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்ட கறுப்பின மக்களைத் தடியால் அடித்த ஷெரிப் ஜிம் கிளார்க்கை, 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் அதே மக்கள் 1966 தேர்தலில் வீழ்த்தினர். அருகிலுள்ள லவுண்டஸ் மாவட்டத்தின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. மக்கள்தொகையில் ஐந்தில் நால்வர் கறுப்பினத்தவர். 1965இன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பதிவு செய்தவர்களை நில உடைமையாளர்கள் குத்தகை நிலத்திலிருந்து துரத்தினர். அவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினர். இரு பெருங்கட்சிகளுக்கும் வெளியே, கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்துத் தமக்கென ஓர் அமைப்பைக் கட்டினர். 1966 தேர்தலில் தோற்றனர். 1970இல் அந்த அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் ஹுலெட் ஷெரிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 22 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். பருத்தி நிலம் அப்போதும் பழைய குடும்பங்களின் கையிலேயே இருந்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் அழைத்தவுடன் ஓடிவர ஷெரிப் இல்லை.