ரசீது இல்லாத பணத்துக்கு வரிச்சலுகை எதற்கு?

ஜூன் மாதம் வந்தாலே நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஸ்கூல் ஃபீஸ், புஸ்தகம், யூனிஃபார்ம், வேன் என்று கை வளையல் அடகுக் கடைக்குப் போய்விடும். இவ்வளவு வாங்கும் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை வருமான வரி கட்டுவதில்லை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்வி வியாபாரமல்ல, சேவை என்பதால் பள்ளி நடத்தும் அறக்கட்டளைகளுக்கு இந்தச் சலுகை. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது பொது விதி. லாப நோக்கம் இருந்தால் சலுகை கிடையாது என்று 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கறாராகச் சொன்னது. அதே மாதம் சென்னை ஐகோர்ட்டும், நன்கொடை என்ற பெயரில் கேபிடேஷன் ஃபீஸ் வாங்கினால் சலுகை இல்லை என்றது.

ஆனால் நடப்பது என்ன? எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண், குழந்தைக்கு எல்.கே.ஜி. சீட் கேட்டுப் போனாள். 'கட்டட நிதி' என்று ரொக்கமாகக் கேட்டார்கள். ரசீது கேட்டதற்கு, "இஷ்டமில்லேன்னா வேற ஸ்கூல் பாருங்க" என்று பதில்!

"எல்லாப் பள்ளிக்கும் வரியைப் போட்டால் தானாகத் திருந்துவார்கள்" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிரிட்டனில் 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி போட்டார்கள். பல பள்ளிகள் கட்டணத்தை ஏற்றிவிட்டன. அது கட்டணத்தின் மீதான வரி, இது வருமான வரி என்றாலும், சுமை கடைசியில் பெற்றோர் தலையில்தானே வந்து விடியும்?

மேலும், எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? எங்கள் பெசன்ட் நகரிலேயே ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1894-ல் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி அது. அப்படிப்பட்ட சேவைக்கும், கவரில் பணம் வாங்குபவர்களுக்கும் ஒரே சலுகை என்பது என்ன நியாயம்?

எனவே சலுகையை அடியோடு எடுக்க வேண்டாம். ரசீதில்லாமல் வாங்கும் பள்ளிக்கு மட்டும் ரத்து செய்யட்டும். கட்டணத்தை நிர்ணயிக்க நம் மாநிலத்தில் 2009-லேயே சட்டம் வந்து, குழுவும் இருக்கிறது. ரத்தான வரியைக் கட்டணத்தில் ஏற்றாமல் அந்தக் குழு பார்த்துக்கொள்ளட்டும். குழு நிர்ணயித்த கட்டணத்தைப் பள்ளி வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போடட்டும்.

நம் பங்கும் இருக்கிறது, தோழிகளே. தனியாக ரசீது கேட்டால் பிள்ளையைக் குறி வைப்பார்களோ என்று பயம் வரும். நியாயம்தான். பத்து அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்டால், யாரைக் குறி வைக்க முடியும்? வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து, கால் கிலோவுக்குப் பேரம் பேசி வாங்குகிற நாம், ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கேட்கக் கூடாதா?

- வாசகி, பெசன்ட் நகர், சென்னை - 90.