பலனவில் இறங்கிப் பாருங்கோ

எல்லவுக்குப் போற ரயிலில கதவடியில நிண்டு படம் எடுக்காத ஆக்கள் எங்களுக்குள்ள குறைவு. ஆனா கடுகண்ணாவைக்குச் சற்று முன்னால வாற பலன எண்ட சின்ன ஸ்டேஷனில இறங்கினவை எத்தனை பேர்? கண்டி இராச்சியத்தின் எல்லைக் கோட்டை இருந்த மலை அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் மூச்சு வாங்க ஏறிப் போனால், மேலே கிடந்தது தாழ்ந்த கல் மதில்களும் புல்லும்தான். "இதுக்கே மச்சான் இவ்வளவு தூரம் ஏறினது?" எண்டான் கூட்டாளி. நியாயமான கேள்வி. மதிலை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். திரும்பி மேற்கே பார்க்க வேணும். கொழும்புப் பக்கத்துத் தாழ்நிலம் விரிந்து கிடக்கும். அங்கிருந்து படை வந்தால் இங்கே நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். சிங்களத்தில் 'பலன' என்றால் 'பார்க்கின்ற' என்றுதான் பொருள்.

பள்ளிக்கூடத்தில நாங்கள் பாடமாக்கினது சுருக்கம்: போர்த்துக்கேயர் வந்தார்கள், கண்டி மன்னன் விரட்டினான். ஆனால் 1594இல் கண்டிக்குப் படையெடுத்த போர்த்துக்கேயரோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் லஸ்கரின்கள், அதாவது இந்த நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் விட்டுப் பிரிந்த பிறகுதான் அந்தப் படை தந்துரேயில் அழிந்தது. 1603இல் அசவேதோ பலனக் கோட்டையைப் பிடித்தே விட்டான். திரும்பவும் லஸ்கரின்கள் கிளர்ந்தார்கள், அவன் பின்வாங்கினான். வென்ற மன்னன் விமலதர்மசூரியனும் ஒரு காலத்தில் போர்த்துக்கேயரோடு இருந்து, ஞானஸ்நானம் பெற்றவன்தான்.

ஆக, கோட்டை விழுந்த பிறகும் எல்லை தப்பியது. காத்தது கல் இல்லை, பக்கம் மாறின மனுசர். அவர்களைத் துரோகி என்பதா, வீரர் என்பதா? எந்தப் பக்கம் நிண்டு பார்க்கிறம் எண்டதைப் பொறுத்தது.

சோதனைச்சாவடிகளைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு எல்லை எண்டால் அசையாத ஒன்று. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவை. பலன அப்படிச் சொல்லவில்லை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் அதே போர்த்துக்கேயர்தான். அதனால் 'அது அவையின்ர வரலாறு' எண்டு ஒதுக்கிப்போட்டு, ரயிலில இருந்து படம் மட்டும் எடுத்துக்கொண்டு போறது எங்களுக்குத்தான் நட்டம்.

அடுத்த முறை மெதுவாப் போற ரயிலைப் பிடிச்சு இறங்குங்கோ. தண்ணி கொண்டு போங்கோ. மழை பெய்திருந்தால் அட்டை கவனம்.