பதினைந்து கிராம் அடுப்பும் பற்றி எரியும் காடும்

கலிபோர்னியாவில் மலையேறும் நம்ம பொட்டிதட்டும் கூட்டத்தில் ஒரு மதம் இருக்கு. ஆல்கஹால் அடுப்பு மதம். சோடா டின்னை வெட்டி ஓட்டை போட்டால் அடுப்பு ரெடி, எடை 15 கிராம்தான். "இன்னுமா கேஸ் தூக்குறீங்க?" என்று நம்மைப் பாவமாகப் பார்ப்பார்கள். போன வருஷம் வரை நானும் அந்த மதம்தான்.

எடைக் கணக்கை மறுக்கவில்லை. அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க சுமார் 25 மில்லி எத்தனால், அதாவது 20 கிராம் போதும். ரெண்டு நாளில் ஆறு தடவை கொதிக்க வைக்க, அடுப்பு பாட்டிலோடு 160 கிராம். கேஸ் என்றால் சின்ன கேனிஸ்டரும் அடுப்பும் சேர்த்து 280 கிராம். லாபம் 120 கிராம், அதாவது அரை டம்ளர் தண்ணீர். கேனிஸ்டர் முழுசா தீர்கிற அளவுக்குச் சமைத்தால் அந்த லாபமும் போச்சு.

இதுக்கு என்ன விலை? இந்தத் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. திருகி அணைக்க வால்வு கிடையாது. தட்டிவிட்டால் தீயே ஓடும். சியராவில் ஒரு மத்தியானம், அணைஞ்சிடுச்சுன்னு நினைத்து மறுபடி ஊற்றினேன். அணையவில்லை! பாட்டில் வாயில் தீ. பதறி உதறியதில் பைன் சருகு பிடித்துக்கொண்டது. நூடுல்ஸ் தண்ணியைக் கொட்டி, ஷூவால் மிதித்து அணைத்தேன். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதேன்னு வாத்தியார் கத்தினது அப்பதான் ஞாபகம் வந்தது.

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்பார்கள். இருபது கிலோமீட்டர் நடந்து, பசியில் கை நடுங்குறவனுக்கு என்னங்க கவனம்? யூசர் தப்பே பண்ணமாட்டான்னு நம்பி எழுதின கோடை நம்ம ஆபீஸில் ரிவ்யூ தாண்ட விடுவீங்களா? தீத்தடை காலத்தில் இங்கே பல தேசியக் காடுகளில் வால்வு உள்ள அடுப்புக்குத்தான் அனுமதி. அந்த ரூலைப் போட்டவங்க ஒண்ணும் முட்டாள்கள் இல்லை.

ஈர நிலத்தில், பனியில், மூடி போட்டு அணைக்கிற சுவீடன் ட்ராங்கியாவை யாராவது பயன்படுத்தினால் எனக்குச் சண்டையில்லை. ஆகஸ்ட் மாசக் காய்ஞ்ச காட்டில் வேண்டாம். எடை குறையணுமா? பையில் இருக்கிற மூணாவது டி-ஷர்ட்டை எடுத்து வீட்டில் வைங்க. அதுவே 150 கிராம் இருக்கும்.