கேமரா நின்ற இடம்

தொடக்ககால விளையாட்டுப் படங்களை இன்று பார்த்தால் சலிப்புத் தட்டும். கேமரா ஓரிடத்திலேயே நிற்கும். நகராது, நெருங்காது. குத்துச்சண்டை மேடை முழுவதும் சட்டகத்துக்குள் இருக்கும். இரண்டு உடல்களும் தலை முதல் கால் வரை தெரியும். 1897இல் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த கார்பெட் - ஃபிட்ஸ்சிம்மன்ஸ் சண்டையை ஈனாக் ரெக்டர் இப்படித்தான் எடுத்தார். மேடை முழுதும் அடங்க வேண்டும் என்பதற்காக வழக்கத்தைவிட அகலமான பிலிமைப் பயன்படுத்தினார். படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடியது.

'சினிமா மொழி தெரியாத காலம்' என்று இதைத் தள்ளிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கேமரா ஒரு சாட்சி. நெருக்கக் காட்சி இல்லை, அலங்காரம் இல்லை. யார் அடித்தார், யார் விழுந்தார் என்பதை மறைக்க வழியில்லை. மறைக்க வேண்டுமானால் கேமராவையே நிறுத்த வேண்டும்.

நிறுத்தினார்கள். 1908 டிசம்பர் 26, சிட்னி. கறுப்பரான ஜாக் ஜான்சன் 14ஆம் சுற்றில் டாமி பர்ன்ஸை நிலைகுலைய வைத்தார். காவல்துறை சண்டையை நிறுத்தியது, கேமராவும் நின்றது. பட்டம் ஜான்சனுக்கு. வெள்ளையர் வீழ்ந்த காட்சி மட்டும் படத்தில் இல்லை.

1910 ஜூலை 4, ரீனோ. கறுப்பரிடமிருந்து பட்டத்தை மீட்பதற்காகவே ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸ் 15ஆம் சுற்றில் வீழ்ந்தார். இம்முறை கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவே பல நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின, உயிர்கள் போயின. ஆனால் ஊர் ஊராகத் தடை விழுந்தது படத்தின் மீது. காரணம், 'அமைதி காக்க'. நமக்குப் பழக்கமான காரணம்தான்.

1912இல் சிம்ஸ் சட்டம் வந்தது. குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கூடாது. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மதகுருமார்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் வராத சட்டம், ஜான்சன் வென்ற பிறகுதான் வந்தது. 1940 வரை நீடித்தது.

தோழர்களே, சினிமா படிப்பவர்கள் கோணத்தையும் ஒளியையும் படியுங்கள். கூடவே கேமரா எங்கே நின்றது, யார் நிறுத்தினார்கள் என்றும் கேளுங்கள். நாளை உங்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கும்போது, அழகாக எடுக்க வேண்டாம். முழுதாக எடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.