பழைய கணனியும் ஓர் அமானிதமே

 

மலையகத்தில் நம் பள்ளிவாசலிலோ மத்ரஸாவிலோ கணனி ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் யாரோ பாவித்துவிட்டு அன்பளிப்புச் செய்த பழையதாகவே இருக்கும். ஆனால் அதற்குள் இருப்பவை சாதாரணமானவையல்ல. மஹல்லாவின் சந்தாக் கணக்கு, ஸகாத் பெறும் விதவைகளின் பட்டியல், பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் அதில்தான். கணனி திடீரென உறைந்து நின்றால் ஆபத்துக்குள்ளாவது இந்த அமானிதங்களே.

“இந்தக் குளிரிலுமா கணனி சூடாகும்?” என்று கேட்போர் உண்டு. நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள ஊர்தான். ஆனால் அறை குளிர்ந்திருப்பதால் மட்டும் பெட்டியின் உள்ளே குளிர்ந்துவிடாது. மூடுபனியின் ஈரத்தோடு தூசியும் சேர்ந்து மின்விசிறியில் ஒட்டிக்கொள்ளும், காற்றோட்டம் தடைப்படும். சூடு எல்லை மீறினால் கணனி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஆகவே சில மாதங்களுக்கொரு முறை மின் இணைப்பைக் கழற்றி, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றுங்கள். கணனியைக் கம்பளத்தின் மீதோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். இயங்கும்போது துணியால் மூடவும் வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அமைச்சர் கூறினார். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு அத்தகைய நொடியில் பழுதாகலாம். யூபிஎஸ் கருவி சில நிமிட அவகாசம் தரும். வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதும். இடி முழங்கினால் செருகியையே கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, சுமை. பழைய இயந்திரத்தில் ஒரே நேரத்தில் பத்து வேலைகளைத் திறக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். திருட்டு மென்பொருளைத் தவிருங்கள். அது பிறர் உரிமை, வைரஸுக்கும் வாசல். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. புதியதை ஏற்காத கணனியை வீசிவிடாமல், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம். வீண்விரயமும் தவிர்க்கப்படும்.

இத்தனையும் செய்தாலும் ஒருநாள் ஹார்ட் டிஸ்க் செயலிழக்கவே செய்யும். ‘டிக் டிக்’ என்று புதிய சத்தம் கேட்டால், வேறெதுவும் செய்யாமல் முதலில் பிரதி எடுங்கள்.

யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி கலீபா அபூபக்கர் (ரழி) அவர்கள் திருமறையை ஒன்றுதிரட்டச் செய்தார்கள். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கும் அனுப்பினார்கள். பாதுகாக்க வேண்டியது ஒரே இடத்தில் இருக்கலாகாது என்ற பாடம் இதில் நமக்கு இருக்கிறது.

எனவே வாரந்தோறும் வியாழன் மாலை, கணக்குகளை ஒரு பென் டிரைவில் பிரதி செய்து, நம்பிக்கையான நிர்வாகி ஒருவரின் வீட்டில் வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.

அமானிதம் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.