28 வயது ‘பொடியன்’ கோச்! அனுபவம் இல்லை என்ற கூப்பாடு சரிதானா?

ஜெர்மனியில் 2016-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரே பரபரப்பு. அந்த நாட்டின் முதல் டிவிஷன் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகாவில், ஒரு டீமுக்கு 28 வயது வாலிபர் பயிற்சியாளராக வந்து உட்கார்ந்தார்.

அவர் பெயர் ஜூலியன் நாகெல்ஸ்மான். டீமின் பெயர் ஹோபன்ஹைம்.

அந்த லீக்கில் அவ்வளவு சின்ன வயதில் நிரந்தர கோச் ஆனவர் அதுவரை யாரும் கிடையாது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கேலியும் கிண்டலும் கிளம்பியது. இது வெறும் விளம்பரத் தந்திரம் என்று பத்திரிகைகளிலும் எழுதினார்கள்.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 18 டீம்களில் ஹோபன்ஹைம் அப்போது 17-வது இடம். 20 ஆட்டம் ஆடி ஜெயித்தது இரண்டே இரண்டு. கையில் இருந்தது 14 புள்ளி. தப்பிப் பிழைக்கும் இடமோ 7 புள்ளி தூரத்தில். கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் நேராக இரண்டாவது டிவிஷனுக்கு இறக்கி விடுவார்கள். மிச்சம் இருந்தது 14 ஆட்டம்தான்.

அந்த டீமில் கெவின் குரானி என்று ஒரு ஆட்டக்காரர். ஜெர்மனி நாட்டுக்காக 52 ஆட்டம் ஆடியவர். வயது 33. அதாவது கோச்சைவிட 5 வயது மூத்தவர்! கோச் ஆனவரோ முதல் டிவிஷனில் ஒரு நிமிடம்கூட ஆடியது கிடையாது. முழங்கால் அடிபட்டு, 20 வயதிலேயே ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டவர்.

அண்ணன் வயதுக்காரர்களை இந்தத் தம்பி எப்படி அதட்டி வேலை வாங்குவார் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

அனுபவசாலி என்ன செய்தார்?

இங்கே ஒன்றை ரசிகர்கள் வசதியாக மறந்து விட்டார்கள். இந்த வாலிபருக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர் ஹூப் ஸ்டீவன்ஸ். ஹாலந்து நாட்டுக்காரர். வயது 62. ஷால்கே டீமுக்கு 1997-ல் ஐரோப்பியக் கோப்பையான யூபா கப்பை வாங்கிக் கொடுத்தவர். அனுபவம் என்றால் மூட்டை மூட்டையாக அனுபவம்.

அவர் இருந்தபோதுதான் டீம் 17-வது இடத்தில் கிடந்தது. பாவம், இதயக் கோளாறு காரணமாக அவர் விலக வேண்டியதாயிற்று. அவரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஆனால் அனுபவம் இருந்தால் டீம் தானாகக் கரையேறிவிடும் என்று சொல்வதற்கும் அங்கே ஆதாரம் இல்லை.

வாலிபர் வந்தார். முதல் ஆட்டம் பிரேமன் நகரில், 1-1 டிரா. அதையும் சேர்த்து 14 ஆட்டத்தில் 7 வெற்றி, 2 டிரா, 5 தோல்வி. 23 புள்ளி சேர்ந்தது. கடைசியில் 37 புள்ளியுடன் 15-வது இடம். அடுத்து இருந்த பிராங்க்பர்ட் டீமுக்கு 36. ஒரே ஒரு புள்ளியில் தப்பியது ஹோபன்ஹைம்!

அடுத்த சீசனில் முதல் 17 ஆட்டமும் தோல்வியே இல்லை. 2017 ஏப்ரலில் பலசாலியான பேயர்ன் முனிச்சை 1-0 என்று சாய்த்தது. அந்த கிளப் பேயர்னை ஜெயித்தது அதுவே முதல் தடவை. சீசன் முடிவில் 4-வது இடம். அதற்கு அடுத்த ஆண்டு 3-வது இடம். கேலி செய்தவர்கள் கப்சிப்.

கணக்கில் கோளாறு

அப்படியானால் ரசிகர்கள் எங்கே கோட்டை விட்டார்கள்? வயதை எண்ணினார்கள். வேலை செய்த வருடங்களை எண்ணவில்லை.

ஆட முடியாமல் போன அந்த 20 வயதில், ஆக்ஸ்பர்க் கிளப்பின் இரண்டாவது டீமுக்கு தாமஸ் டுக்கெல் என்பவர் கோச். காயத்தோடு உட்கார்ந்திருந்த பையனை எதிரி டீம்களின் ஆட்டத்தைப் பார்த்து வரும்படி அனுப்பியவர் அவர்தான். (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

பிறகு முனிச் 1860 கிளப்பில் இளைஞர் டீம் வேலை. 2010 முதல் ஹோபன்ஹைமில் இளைஞர் டீம். நடுவில் பெரிய டீமுக்கு உதவி கோச். 2014-ல் 19 வயதுக்கு உட்பட்டோர் தேசிய சாம்பியன் பட்டம். அந்தப் பையன்களில் ஒருவரான நதீம் அமிரி, 2016-ல் பெரிய டீமிலும் அவரிடமே ஆடினார்.

சுருங்கச் சொன்னால், முதலாளி மகன் என்று கல்லாவில் வந்து குந்தியவர் அல்ல. அதே கடையில் மூட்டை இறக்கி, பொட்டலம் மடித்து, சரக்கு விலை மனப்பாடமாகி, அப்புறம் கல்லாவுக்கு வந்தவர். வயது 28 என்றாலும் ‘சர்வீஸ்’ எட்டு வருடம் இருக்கும்.

இதற்கு நேர்மாறான கதை இத்தாலியில் நடந்தது.

உலகக் கோப்பை வீரர் கதை

ஆண்ட்ரியா பிர்லோ. 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி டீமின் மூளை. 2020 ஜூலை 30-ந் தேதி, யுவென்டஸ் கிளப் தன் 23 வயதுக்கு உட்பட்ட டீமுக்கு அவரை கோச்சாகப் போட்டது. அந்த டீமுக்கு அவர் ஒரு ஆட்டம்கூட நடத்தவில்லை. ஒன்பதே நாளில் பெரிய டீமையே தூக்கிக் கொடுத்து விட்டார்கள்!

பிர்லோவுக்கு அப்போது வயது 41. பொடியன் என்று யாரும் சொல்ல முடியாது. தொடர்ந்து 9 வருடம் லீக் பட்டம் வாங்கி வந்த டீம் அது. அந்த சீசனில் 4-வது இடத்துக்கு இறங்கியது. இத்தாலியக் கோப்பை கிடைத்தும் பலன் இல்லை. 2021 மே மாதம் பிர்லோவின் சீட்டு கிழிந்தது.

ஆடிய அனுபவம் வேறு, ஆட்டி வைக்கும் அனுபவம் வேறு. 28 வயதுக்காரரிடம் இரண்டாவது இருந்தது. 41 வயதுக்காரரிடம் முதலாவது மட்டும்தான் இருந்தது.

அதற்காக ரசிகர்களின் பயம் முழுக்க முழுக்கப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. லண்டன் செல்சீ கிளப்பில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

போர்ச்சுகலின் ஆண்ட்ரே வில்லாஸ்-போவாஸ், போர்ட்டோ டீமை 2010-11 சீசனில் 30 லீக் ஆட்டத்திலும் தோல்வியே இல்லாமல் நடத்தியவர். 27 வெற்றி, 3 டிரா. கூடவே யூரோப்பா லீக் கோப்பை. 33 வயதில் செல்சீ அவரை அள்ளிக்கொண்டு போனது.

அங்கே இருந்தவர்கள் லாம்பார்ட், துரோக்பா போன்ற ஜாம்பவான்கள். கோச்சுக்கும் அவர்களுக்கும் ஒரு வருடம்கூட வித்தியாசம் இல்லை. மூத்தவர்களை உட்கார வைக்கத் தொடங்கினார். புகைச்சல் கிளம்பியது. 2012 மார்ச் 4-ந் தேதி கோச் ‘அவுட்’. அதே ஆட்டக்காரர்கள், உதவி கோச்சாக இருந்த டி மத்தேயோவின் கீழ், மே மாதமே சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார்கள்!

திறமை இல்லாதவர் என்று வில்லாஸ்-போவாசை எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரிய மனிதர்கள் நிறைந்த வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது அவர் நிலைமை.

நாகெல்ஸ்மானும் அடிபடாமல் இல்லை. 2018-ல் ஹோபன்ஹைம் முதன்முதலாக சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் ஆட்டங்களில் இறங்கியது. ஆறு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக முதல் நிமிடத்திலேயே கோல் போட்டு, 87-வது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றது. ஆறு ஆட்டத்திலும் சேர்த்து 11 கோல் போட்டு 14 கோல் வாங்கியது. முன்னுக்குப் போன பிறகு ஆட்டத்தை அடக்கி ஆடத் தெரியவில்லை என்று அப்போது முணுமுணுத்தவர்கள் சொன்னது சரி.

மறுபடியும் டுக்கெல்!

2021-ல் நாகெல்ஸ்மான் பேயர்ன் முனிச்சுக்குப் போனார். முதல் வருடமே லீக் பட்டம். ஆனால் 2023 ஜனவரியில் கோல்கீப்பர் பயிற்சியாளரை கிளப் வெளியேற்றியதும், கோல்கீப்பர் மானுவல் நோயர் பகிரங்கமாகவே பொருமினார். நோயர் கோச்சைவிட ஒரு வயதுக்கு மேல் மூத்தவர். மார்ச் மாதம் கோச்சுக்கே கல்தா கொடுத்தார்கள். அப்போது டீம் லீக்கில் இரண்டாவது இடம், ஒரே ஒரு புள்ளி பின்னால். சாம்பியன்ஸ் லீக்கில் பாரிஸ் டீமை இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்து கால் இறுதியில் நின்றது.

அவர் இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? அதே தாமஸ் டுக்கெல்! 2021-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வாங்கிய அனுபவசாலி. அவர் வந்த பிறகு ஜெர்மன் கோப்பை போயிற்று. சாம்பியன்ஸ் லீக்கும் போயிற்று. லீக் பட்டம் மட்டும் கடைசி நாளில், டார்ட்மண்ட் டீம் டிரா செய்ததால், கோல் கணக்கில் கைக்கு வந்தது.

2023 செப்டம்பரில் ஜெர்மனி நாட்டு டீமே நாகெல்ஸ்மான் கைக்கு வந்தது. வயது 36. 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோல் கம்பங்களுக்கு நடுவே அவர் நிறுத்தியது அந்த நோயரைத்தான். ஜூலை 5-ந் தேதி ஸ்டட்கார்ட் நகரில் கால் இறுதி. கூடுதல் நேரத்தின் 119-வது நிமிடத்தில் ஸ்பெயின் கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. குகுரெல்லாவின் கையில் பட்ட பந்துக்கு பெனால்டி கொடுக்கவில்லையே என்று ஜெர்மன் ரசிகர்கள் கொதித்தார்கள். அன்று அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் நடுவர்.